லுசாகாவுக்கு எட்டு மணி நேரம்

மகன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று யார் கேட்டாலும் மாது கிலோமீட்டர் சொல்லமாட்டார். "எட்டு மணி நேரந்தாங்க" என்பார். சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம் என்று அர்த்தம்.

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் அவருடைய பழைய டவேராவும் நிற்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். லாரியில் கிளீனர், அப்புறம் டிராக்டர், அப்புறம் அடுத்தவர் கார், கடைசியில் சொந்தக் கார். பெங்களூர் ஏர்போர்ட்டை தேவனஹள்ளிக்குக் கொண்டுபோன பிறகு அந்த ரோடே அவருக்குப் பிழைப்பாகிவிட்டது. துபாய்க்குப் போகிறவன், மலேசியாவுக்குப் போகிறவன், அமெரிக்காவில் பேரனைப் பார்க்கப் போகிற ரிட்டயர்டு வாத்தியார் என்று இந்தப் பக்கத்தில் ஆகாயத்தில் ஏறுகிற ஆள் எல்லாம் முதலில் மாதுவின் பின் சீட்டில் ஏறியாக வேண்டும். அழுதுகொண்டே ஏறுவார்கள், ஓசூர் வருவதற்குள் தூங்கிவிடுவார்கள். அவர் பெட்டியைத் தள்ளுவண்டியில் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவர் போனதில்லை. விமானத்தின் அடிவயிற்றை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகன் நவநீதனும் அதே பின் சீட்டில் ஏறினான். ஜாம்பியா நாட்டில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் டிரில்லர் வேலை. இந்தப் பக்கத்துப் பையன்களுக்குப் போர் வண்டி ஒன்றும் புதிதில்லை. தண்ணீருக்கு ஓட்டை போடுகிற வண்டிகள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போய்க்கொண்டே இருந்து, ஒருநாள் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போய்விட்டன. வண்டி போன பின்னால் பையன்களும் போகிறார்கள்.

அவன் போன பிறகு கோகிலவாணி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். "எந்தத் திக்குல இருக்குதுன்னே தெரியாத ஊருக்கு அனுப்பிட்டாரு மனுசன்" என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதுவுக்குச் சமாதானம் பேச வராது. திட்ட வரும், இல்லையென்றால் சும்மா இருக்க வரும். இரண்டும் செய்து பார்த்தார், பலிக்கவில்லை.

அந்த வாரம் ஏர்போர்ட்டுக்கு ஒரு பெண்ணைக் கூட்டிப் போனார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வண்டிகள் நின்றபோது கேட்டார்.

"ஏம்மா, ஜாம்பியாவுல லுசாகான்னு ஒரு ஊரு. அங்க இருந்து நம்ம பெங்களூரு எவ்ளோ தூரம்னு உன் போன்ல வருமா?"

அந்தப் பெண் தட்டிப் பார்த்தது. "ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல ஆறாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் பக்கம்ணா. ஃப்ளைட்ல எட்டு மணி நேரம்னு போட்டிருக்குது."

"எட்டா?"

"எட்டுதாண்ணா. நேர்கோடு போட்டுக் கணக்கு சொல்றாங்க."

நேர்கோடு என்றது மாதுவின் காதில் தங்கவில்லை. எட்டு மட்டும் தங்கியது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னார். "எந்திரிச்சு சாப்புடு. எட்டு மணி நேரந்தானாம். நீ பஸ்ஸுல மெட்ராஸ் போயி சேர்ற நேரம். அதுக்குப் போயி சாவு வுழுந்த வூடு மாதிரி பண்ணிட்டிருக்கற."

கோகிலவாணி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து ஒரு உருண்டை களியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மகன் போய்ச் சேர்ந்து பேசியபோது, ரெண்டு ஊரில் இறங்கி ஏறினது, அப்புறம் லாரியில் காட்டு வழியில் போனது என்று என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தான். மாது மறித்துவிட்டார். "அம்மாகிட்ட இதெல்லாம் அளக்காத. எட்டு மணி நேரம்னு சொல்லி வெச்சிருக்கறேன். அப்படியே இருக்கட்டும்." அப்படியே இருந்தது. மூன்று வருடம் சொல்லிச் சொல்லி, சொன்னவருக்கே அது பாதி நிஜமாகிவிட்டது.

இந்தத் தை மாதம் அந்த எட்டு அவர் கழுத்துக்கே வந்தது.

மகள் கலைமதியைப் பென்னாகரம் பக்கம் கொடுத்திருக்கிறார். அவளுக்குப் பெண் குழந்தை, சுசித்ரா. ஒன்பதாவது மாதம் நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் முனியப்பன். அங்கே முடி இறக்கிக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் இரண்டும் நடக்கும். மாமன் இல்லாத காதுகுத்து என்றால், சோறு நன்றாக இருந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாமன் ஏன் வரவில்லை என்று பத்து வருடம் கேட்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் குடியிருக்க வேண்டியவள் கலைமதி. தொட்டில் போட்ட அன்றைக்கே நவநீதன் வரமுடியவில்லை. அதற்கே அவள் காதில் நிறைய விழுந்திருக்கிறது.

தேதி குறிக்கச் சம்பந்தி வீட்டுக்கு மாதுவும் கோகிலவாணியும் போனார்கள். சம்பந்தி ராஜாமணி தக்காளியும் நிலக்கடலையும் போடுகிறவர். குரல் உயர்த்திப் பேசமாட்டார். சிரித்துக்கொண்டே சொல்வார், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் எங்கே குத்தியது என்று தெரியும்.

"மாசி மொத வெள்ளி நாள் நல்லாருக்குது சம்பந்தி. காலையில ஒம்பதுக்கு மேல பத்தரைக்குள்ள. ஆசாரிக்கும் சொல்லிட்டேன், முடி எறக்கறவருக்கும் சொல்லிட்டேன். மாப்ள நவநீதன்தான் அங்க ஆப்பிரிக்காவுல ஓட்டை போட்டுட்டிருக்காரு. இங்க ரெண்டு சின்ன ஓட்டை போட வருவாரான்னு கேட்டுச் சொல்லுங்க."

"வருவான்ங்க. லீவு சொல்லிட்டான்."

"எதுக்கும் ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கறதுன்னாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டாவது வெள்ளியும் நல்ல நாள்தான். தூரத்துல இருக்கற புள்ள."

கலைமதி கதவோரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். தள்ளி வை என்று சொல் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. மாதுவுக்கும் தெரிந்தது. ஆனால் 'தூரத்துல' என்று சம்பந்தி இழுத்த இழுப்பு அவரைச் சுட்டுவிட்டது.

"என்னா தூரம். எட்டு மணி நேரந்தாங்க. புதன்கிழமை ஏறுனான்னா வியாழக்கிழமை காலையில நம்ம வண்டியில இருப்பான். மொத வெள்ளியே இருக்கட்டும்."

கோகிலவாணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சம்பந்தி முன்னால் புருசன் பேச்சை மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"சரி சம்பந்தி. உங்க வாக்குதான். அப்படி ஒருவேளை முடியலைன்னாலும் கவலைப்படாதீங்க. உங்க அண்ணன் பையன் முருகன் இருக்கறாரு. அவரும் மாமன் முறைதான. மனைப்பலகைய அவருக்குப் போட்டுக்கலாம்."

சம்பந்தி சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாதுவின் அண்ணன் கிருஷ்ணப்பன் வீட்டுக்கும் மாது வீட்டுக்கும் பொதுக் கிணற்று மோட்டாரை யார் எப்போது போடுவது என்பதில் தகராறாகி ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இது ராஜாமணிக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பி வரும் வழியில் பாதி தூரம் தாண்டியதும் கோகிலவாணி, "ஒரு வாரம் தள்ளி வெச்சா என்னா கொறைஞ்சிடும்?" என்றாள்.

"வண்டி ஓட்டறேன் இல்ல? பேசாம வா."

நவநீதன் திங்கட்கிழமை காலையிலேயே காம்ப்பை விட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. லுசாகாவுக்கு அங்கிருந்து லாரியில் முக்கால் நாள் ஆகும். மழைக்காலம் வேறு. ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது.

"அப்பா, ஹேமர் மாட்டிக்கிச்சு."

போர் வண்டியில் குழிக்குள் இறங்குகிற இரும்பு ராடுக்கு அடியில் பாறையை உடைக்கிற சாமானுக்கு ஹேமர் என்று பெயர். அது குழிக்குள் சிக்கிக்கொண்டால் அந்த வண்டியே அந்தக் குழிக்கு அடிமை. மேலே இழுத்து எடுக்கிற வரைக்கும் ஓட்டினவன் இடத்தை விட்டு நகரக்கூடாது. முதலாளி சொல்லித்தான் என்று இல்லை. பாதிக் குழியில் வண்டியை விட்டுவிட்டு வந்தவன் என்று பெயர் எடுத்துவிட்டால் நாளைக்கு எந்த வண்டியிலும் ஏற்றமாட்டார்கள். கூட இருக்கிற பையன்களே ஏற்றமாட்டார்கள்.

"எப்ப எடுப்பீங்க?"

"எடுக்கும்போதுதாம்ப்பா தெரியும். ராஜாமணி மாமாகிட்ட சொல்லி ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கச் சொல்லுப்பா. டிக்கெட்டக்கூட மாத்திக்கலாம்."

"பாக்கறேன்" என்றார் மாது. பார்க்கவில்லை. போனை எடுத்து ராஜாமணியின் பெயரைத் தேடி, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். எட்டு மணி நேரம் என்றீர்களே சம்பந்தி என்று அவர் சிரிப்பது காதில் கேட்டது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு டீசல் போடப் போய்விட்டார்.

ஹேமர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேலே வந்தது. நவநீதன் குளிக்கக்கூட நிற்காமல் சரக்கு லாரி ஒன்றில் ஏறினான். சேற்றில் இரண்டு இடத்தில் லாரி புதைந்தது. புதன்கிழமை ஏர்போர்ட் வாசலில் இறங்கி, "ஏர்போர்ட் வந்துட்டேம்ப்பா" என்று மெசேஜ் அனுப்பினான்.

வியாழக்கிழமை காலை வெயில் ஏறும்போது மாது தேவனஹள்ளியில் இருந்தார். வெளியே வருகிற வழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனையோ பேருடைய மகன்களுக்காக இதே கம்பியைப் பிடித்து நின்றிருக்கிறார். அன்றைக்கெல்லாம் கால் வலிக்கும், கொட்டாவி வரும். இன்றைக்கு வலி தெரியவில்லை, கொட்டாவி மட்டும் வந்தது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் குதிகாலை உயர்த்திப் பார்த்தார். கூட்டம் வந்தது, குறைந்தது, வேறு விமானத்துக் கூட்டம் வந்தது. நவநீதன் வரவில்லை.

மதியம்தான் போன் வந்தது. புது நம்பர்.

"அப்பா, நடுவுல எறங்கி மாறற ஊர்ல இருக்கறேன். லுசாகாவுலயே லேட்டா எடுத்தாங்க. நான் வந்து எறங்கறதுக்குள்ள பெங்களூரு ஃப்ளைட் போயிடுச்சு. அடுத்தது நாளைக்குக் காலையிலதான் அங்க வரும்."

"நாளைக்கா? நாளைக்குத்தாண்டா காதுகுத்து."

"தெரியும்ப்பா."

கம்பியை விட்டுவிட்டு ஒரு ஓரமாகப் போய் நின்றார். பிறகு மாது, "சாப்டியா?" என்றார்.

"ஒரு டோக்கன் குடுத்தாங்க. ரொட்டி மாதிரி ஒண்ணு."

"சரி. தின்னுட்டுப் படு. நான் இங்கயேதான் இருக்கறேன்."

ஊருக்குப் போய் மறுபடியும் வருவதில் அர்த்தமில்லை. ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்து, வாடகை வண்டிக்காரர்கள் ஒதுங்குகிற ஒரு புளியமரத்தடியில் வண்டியை விட்டார். சீட்டைச் சாய்த்துப் படுத்தார். முதுகு அந்தச் சீட்டுக்குப் பழகின முதுகுதான், ஆனாலும் தூக்கம் பிடிக்கவில்லை. தலைக்கு மேலே விமானங்கள் ஒன்று மாற்றி ஒன்று இரைந்துகொண்டு இறங்கின. கோகிலவாணி கூப்பிட்டபோது, லேட்டாகிறது என்று மட்டும் சொன்னார். அவள் எவ்வளவு லேட் என்று கேட்கவில்லை. "சட்டை ஒண்ணு பையில மடிச்சு வெச்சிருக்கறேன், காலையில மாத்திக்கங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு நவநீதன் வெளியே வந்தான். கறுத்து, கன்னம் ஒட்டி, தாடியோடு வந்தான். ஷூவில் செம்மண் காய்ந்து ஓடு போல ஒட்டியிருந்தது. பையை வாங்கப் போன அப்பாவைப் பார்த்துச் சிரித்தான்.

"வாடகை எவ்ளோங்க?"

"ஏறு, கழுத. நேரமாச்சு."

பெங்களூருக்குள்ளேயே ஹெப்பாள் பாலத்தருகே வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. நவநீதன் முன் சீட்டிலேயே வாயைப் பிளந்து தூங்கிவிட்டான். போன் அடித்தது. ராஜாமணி.

"எங்க சம்பந்தி இருக்கீங்க? இங்க சொந்தமெல்லாம் வந்தாச்சு."

"வந்துட்டோம்ங்க. ஓசூர் தாண்டிட்டோம்."

வண்டியை ஒட்டி ஒரு சிட்டி பஸ் நின்றது. அதன் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "மெஜஸ்டிக், மெஜஸ்டிக்" என்று பெங்களூர் பஸ் ஸ்டாண்டின் பெயரைக் கத்தினான்.

அது ராஜாமணிக்குக் கேட்டுவிட்டது. "ஓசூருக்கு இந்தப் பக்கம் ஏது சம்பந்தி மெஜஸ்டிக்?" என்றார். பிறகு, "பாத்து வாங்க, அவசரப்படாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தார். மாது நகராத வண்டிகளைப் பார்த்து ஹாரன் அடித்தார்.

ஓசூருக்கு முந்தின அத்திப்பள்ளி வரும்போதே முகூர்த்த நேரம் தொடங்கிவிட்டது. அடுத்த போன் கலைமதியுடையது.

"அப்பா, நெசத்தச் சொல்லு. எங்க இருக்கீங்க?"

"அத்திப்பள்ளி."

"அய்யோ. இங்க மாமா முருகண்ணனுக்கு மனை போடச் சொல்லிட்டாரு. நேரம் போனா சாமிக்கு ஆவாதுன்னு சொல்றாங்க. நான் என்னா பண்ணட்டும்?"

மாது வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "உனக்கு என்னா தோணுதோ பண்ணு சாமி" என்றார். மகளைச் சாமி என்று அவர் கூப்பிட்டது எப்போது என்று அவருக்கே நினைவில்லை.

பேச்சுச் சத்தத்தில் நவநீதன் விழித்துக்கொண்டான். தண்ணீர் பாட்டிலை எடுத்து முகத்தில் ஊற்றிக்கொண்டான்.

"தள்ளி வெக்கச் சொன்னேனேப்பா."

"ம்."

"சொல்லலையா?"

"எட்டு மணி நேரம்னு சொல்லிட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது?"

நவநீதன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். கோபப்படுவான் என்று மாது நினைத்தார். அவனுக்குக் கோபப்படவும் தெம்பில்லை.

"அந்த எட்டு மணி நேர ஃப்ளைட்டே கெடையாதுப்பா. அந்த ஊர்ல இருந்து இந்த ஊருக்கு நேரா ஒண்ணுமே பறக்கறதில்ல. அது சும்மா கோடு போட்டுப் பாக்கற கணக்கு. அப்படி ஒண்ணு இருந்தா நான் வருசத்துக்கு நாலு தடவ வந்துட்டுப் போவ மாட்டனா?"

மாது கியரை மாற்றினார். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை ரோட்டில் திரும்பி, லாரிக்குப் பின்னால் லாரியாகப் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தார். ஏர்போர்ட் ரோட்டில் இருபது வருடத்துக்குப் பக்கம் ஓட்டியாகிவிட்டது. விமானம் ஏறுகிறவனுக்கு ஏறின இடத்திலிருந்து இறங்கின இடம் வரைக்கும்தான் பயணம். வீட்டு வாசலிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் உள்ள தூரத்தை அவன் கணக்கில் எடுக்கமாட்டான். அதில்தான் மாதுவின் சோறு இருக்கிறது, இடுப்பு வலி இருக்கிறது. மற்றவன் எடுக்காததில் வியப்பில்லை. மாதுவும் எடுக்கவில்லையே. மகன் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தால் போதும் என்று, தான் தினமும் ஓட்டுகிற ரோட்டையே முழுங்கிவிட்டு ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பாலக்கோட்டில் கோகிலவாணி கொடுத்த சட்டையை மாற்றிக்கொள்ள வண்டியை நிறுத்தினார். பையில் இரண்டு சட்டை இருந்தது. ஒன்று அவருக்கு, ஒன்று மகனுக்கு. இரண்டு பேரும் வண்டி மறைவில் நின்று மாற்றிக்கொண்டு ஏறினார்கள்.

முனியப்பன் கோயிலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றை நெருங்கிவிட்டது. பந்தலில் முதல் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டு எல்லாத் தலையும் திரும்பியது. மாது இறங்கி யார் முகத்தையும் பார்க்காமல் மகனுக்குப் பின்னால் நடந்தார்.

சாமிக்கு முன்னால் மனைப்பலகையில் முருகன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் குழந்தை. தலை மொட்டை, சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. முருகனின் வேட்டி முழுக்க முடி. முடி இறக்கியாகிவிட்டது. மாது பந்தல் காலோரமே நின்றுவிட்டார்.

கோகிலவாணி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். சத்தமில்லாமல் சொன்னாள்.

"கலைமதி முடிய எறக்க வுட்டுட்டா. முடி மறுபடியும் மொளைக்கும்னு சொன்னா. ஆசாரி ஊசிய எடுத்ததும் புள்ளையோட ரெண்டு காதையும் கையால பொத்திக்கிட்டா. எங்கண்ணன் வராம காதுல ஊசி படக்கூடாதுன்னுட்டா. நேரம் போவுதுன்னு அவங்க மாமனாரு சொன்னாரு, அவ புருசனும் சொன்னாரு. கைய எடுக்கவே இல்ல. ஆசாரிதான் பாவம், மூணாவது தம்ளர் மோரு குடிச்சிட்டிருக்கறாரு."

கலைமதி குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை இன்னும் குழந்தையின் காதோரத்தில் இருந்தது. அண்ணனைப் பார்த்ததும் அந்தக் கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

முருகன் குழந்தையோடு எழுந்தான். ஆறு வருடமாகப் பேசாத வீட்டுப் பையன். வேட்டியை உதறிவிட்டு நவநீதனிடம் குழந்தையை நீட்டினான்.

"வாடா. முடி என் மடியில வுழுந்துடுச்சு. காது உன்னுது. கால் மரத்துப் போச்சு எனக்கு, சீக்கிரம் உக்காரு."

மாதுவைப் பார்த்து, "வாங்க சித்தப்பா" என்றான். மாது தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்டியா?" என்றார். முருகன் இல்லையென்றான்.

ராஜாமணி வந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. "வாங்க சம்பந்தி. மெஜஸ்டிக்ல கூட்டமா?"

சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மாது சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "தப்பு என்னுதுங்க. நீங்க தள்ளி வெக்கலாமான்னு கேட்டீங்க. நான்தான் வேணாம்னேன். புள்ள மேல ஒண்ணும் இல்ல, பொண்ணு மேலயும் ஒண்ணும் இல்ல" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி ராஜாமணி கேட்டதில்லை. சிரிப்பு கொஞ்சம் தளர்ந்தது.

"சரி, சரி. எங்க வூட்டு மருமக காதைப் பொத்திக்கிட்டு உக்காந்தப்ப எனக்கும் கோவம் வந்துச்சு. அப்புறம் பாத்தா, அது கண்ணு ரோட்டு மேலயே இருந்துச்சு. நல்ல நேரம்தான் போச்சு, நாள் போவல. குத்தச் சொல்லுங்க."

நவநீதன் மனையில் உட்கார்ந்தான். முகம் தெரியாத தாடிக்காரனைப் பார்த்துக் குழந்தை முதலில் மிரண்டது. பிறகு அவன் தாடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. மாமன் சீர்த் தட்டுகளைக் கோகிலவாணி கொண்டுவந்து முன்னால் வைத்தாள். ஆசாரி காதில் பொட்டு வைத்து அளந்து பார்த்தார், ஊசியை எடுத்தார், தோட்டைத் தேடினார். அந்தச் சின்ன இடைவெளியில் நவநீதனின் தலை தொங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு கால் நீட்டிப் படுக்காதவன். குழந்தையைச் சுற்றிய கை மட்டும் இறுக்கமாக இருந்தது.

ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது.

"ராடு போவுது, புடி புடி" என்று கத்திக்கொண்டு நவநீதன் விழித்தான். குழந்தையை இன்னும் இறுக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றி எல்லாரையும் பார்த்தான்.

பந்தல் முழுக்கச் சிரித்தது. கலைமதி அழுதுகொண்டே சிரித்தாள். ராஜாமணி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒண்ணும் போவல மாப்ள. தண்ணி வந்துடுச்சு பாருங்க" என்று குழந்தையின் கண்ணைக் காட்டினார். அடுத்த காதைக் குத்தும்போது ஆசாரி முதலில் நவநீதனின் தோளைத் தட்டி எழுப்பிவிட்டுத்தான் குத்தினார்.

கடைசிப் பந்தியில் மாது உட்கார்ந்தார். சோறு ஆறியிருந்தது, குழம்பு அடியில் இருந்ததை வழித்து ஊற்றினார்கள். பக்கத்து இலையில் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரக் கிழவர் ஒருவர். "பையன் ஆப்பிரிக்காவாமே. எவ்ளோ நேரம் ஆவுது அங்க இருந்து வர்றதுக்கு?" என்று கேட்டார்.

மாதுவின் வாய்க்கு எட்டு என்று வந்துவிட்டது. அதைச் சோற்றோடு சேர்த்து முழுங்கினார்.

"செவ்வாய்க்கெழமை கெளம்புனான். இன்னைக்கு வந்தான்" என்றார்.

"அடேங்கப்பா. அவ்ளோ தூரமா?"

"அவ்ளோ தூரங்க."

ரசம் ஊற்ற வந்த கோகிலவாணி அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். கிழவர் கை கழுவ எழுந்து போன பிறகு மாது அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"எட்டு மணி நேரம்னு உங்கிட்ட சொன்னது சரியில்ல."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"அவன் போயி சேந்த வாரமே எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டான். அப்பாகிட்ட சொல்லாத, அவரு எட்டுன்னு நம்பிட்டிருக்காருன்னு சொன்னான்."

மாது இலையில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "அப்ப அன்னைக்கு எந்திரிச்சு களி தின்னது?"

"அன்னைக்குத் தெரியாது. நம்பித்தான் தின்னேன்." ரசத்தை ஊற்றினாள். "அப்புறம் தெரிஞ்சப்பவும், நீங்க ஊர்ல எல்லார்கிட்டயும் எட்டு எட்டுன்னு சொல்றது காதுல வுழுவும். சரி, இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன். சம்பந்தி வூட்டுல மட்டும் நான் வாயைத் தொறந்திருக்கணும்."

அவள் அடுத்த இலைக்குப் போனாள். மாது ரசத்தைப் பிசைந்தார். பந்தலுக்கு வெளியே டவேராவின் பின் சீட்டில் நவநீதன் காலை மடக்கிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான், கதவு திறந்தபடி. செம்மண் ஷூ இரண்டும் வெளியே தொங்கின. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கலைமதி பக்கத்தில் நின்று, அந்த ஷூக்களின் கயிற்றை ஒரு கையால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜாமணி தாம்பூலத் தட்டோடு வந்து மாதுவின் எதிரில் உட்கார்ந்தார்.

"மாப்ள எப்பத் திரும்பறாரு சம்பந்தி?"

"ரெண்டு வாரத்துல போவணும்."

"எத்தனை மணிக்கு ஏர்போர்ட்ல இருக்கணும்? நானும் ஒரு தடவ வந்து பாக்கறேன், அந்த மெஜஸ்டிக்க."

மாது கொஞ்சம் யோசித்தார். வழக்கமாக யாராவது கேட்டால் ஒரு நேரம் சொல்வார், அந்த நேரத்துக்கு நிறுத்தியும் காட்டுவார்.

"மொத நாளே கெளம்பிடலாம்ங்க" என்றார். "எவ்ளோ நேரம் ஆவும்னு சொல்ல முடியாது."